சங்கிலிக்காரனின் வலது ஷூ

போன வாரம் டெனிஸ் போன் செய்தார். டெனிஸ் ஒரு மிடில் ஸ்கூலில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பெண்மணி. இந்த சீசனில்தான் எங்கள் ஸ்டேடியத்தின் சங்கிலிக் குழுவில் சேர்ந்திருக்கிறார். நான் அந்தக் குழுவிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் புதிதாக வருகிறவர்களுக்குச் சந்தேகம் என்றால் என் நம்பரைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் முறையாக நலம் விசாரித்துவிட்டு, ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும் என்றார். யார் மீதாவது, எதன் மீதாவது ஷூ பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று குழுவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். அது எந்தக் கையால்? ஒரு தடவையா, மூன்று தடவையா? விதிப் புத்தகத்தில் முன்னும் பின்னும் தேடிவிட்டாராம், எங்கும் இல்லையாம்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி மல்லிகா, யாருக்கு என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டாள். அந்த அழகில் இருந்தது என் முகம்.

விதிப் புத்தகத்தில் எப்படி இருக்கும்? அது ஈரோட்டில் அப்பா என் முதுகில் இரண்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அது டெக்ஸாஸில் ஒரு கால்பந்து மைதானத்தின் நடைமுறை ஆகிவிட்டது என்றால் அதற்கு முழுக்க முழுக்க நானும் ஒரு மெத்தைக் கம்பெனியும்தான் காரணம். டெனிஸிடம் அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

முதலில் சங்கிலி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு அவ்வளவாக வேலை இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். பந்து வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்தை அளப்பதற்குத்தான் சங்கிலி. இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்கு ஆரஞ்சு நிறக் கம்பு. கோட்டுக்கு வெளியே ஒருவர் பின்கம்பைப் பிடித்திருப்பார், ஒருவர் முன்கம்பைப் பிடித்திருப்பார். பத்து கஜம் ஆயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தால் சங்கிலியை மைதானத்துக்குள் கொண்டுபோய் நீட்டி, பந்து முன்கம்பைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நான் முன்கம்பு.

வார நாட்களில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. நாங்கள் குடியிருக்கிற காப்பெலில் என் மகள் காவ்யா ஹைஸ்கூல் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். வெள்ளிக்கிழமை மேட்சுகளுக்கு அவளை டிராப் பண்ணிவிட்டு, டிபன் பாக்ஸில் புளிசாதத்தோடு கோட்டோரம் நின்றுகொண்டிருப்பேன். ஒருநாள் சங்கிலி பிடிக்கும் அப்பா ஒருவருக்குக் காய்ச்சல். வாயில் பல்குச்சியோடு ஒரு உயரமான ஆள் என்னிடம் வந்து, பேசாமல் நேராக நிற்கத் தெரியுமா என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, கையில் கம்பைக் கொடுத்தார். அவர்தான் வால்டர். சில வருடங்களில் தன்னுடைய ஸ்டேடியம் குழுவுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வால்டர் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். அவர் பாராட்டி யாரும் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார், பல்குச்சியை வாயிலிருந்து வெளியே எடுப்பார், அவ்வளவுதான். அதற்கே நாங்கள் கம்பை இன்னொரு தடவை நேராக்கிக்கொள்வோம். ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் சங்கிலியைத் தரையில் நீட்டி, கோட்டுக்குக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். சங்கிலி இரும்பு, அது ஒரு வாரத்தில் எங்கே நீளப்போகிறது? அதை ஒருமுறை கேட்டேன். பல்குச்சி வெளியே வந்தது. பிறகு கேட்கவில்லை.

குழுத் தலைவர் என்பதால் கிளிப் அவருடையது. சங்கிலியில் மாட்டுகிற, உள்ளங்கை அளவு இரும்புக் கிளிப். மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கம்புகள் நின்றதும் வால்டர் குனிந்து, சங்கிலி எந்தக் கோட்டைக் கடக்கிறதோ அந்த இடத்தில் கிளிப்பை மாட்டுவார். மாட்டும்முன் கோட்டைப் பார்ப்பார், மாட்டியபின் கோட்டைப் பார்ப்பார், பிறகு அந்தக் கோட்டின் எண்ணைத் தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். ஆட்டக்காரர்கள் மோதிக் கம்புகள் சாய்ந்தாலும், ஆட்களே சாய்ந்தாலும், கிளிப்பை அந்தக் கோட்டில் வைத்தால் சங்கிலி பழைய இடத்துக்கே வந்துவிடும். கிளிப்பை வேறு யாரும் தொடக்கூடாது. நான் ஒருமுறை அது அழுக்காக இருக்கிறதே என்று துடைக்கப் போனேன். என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கம்புக்காரர்களுக்கு அவர் வைத்த விதிகள் இரண்டுதான். ஒன்று, அளக்கும்போது கம்பு நேராக நிற்க வேண்டும், தலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் அடிப்பக்கம் நகரும், ஆட்டமே மாறிவிடும். இரண்டாவதை ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் சொல்வார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மேட்ச் முடிஞ்சு வீட்டுக்குப் போறவன் ஒருத்தனுக்கும் நம்ம மூஞ்சி ஞாபகம் இருக்கக் கூடாது."

இப்போது மெத்தைக் கம்பெனிக்கு வருகிறேன். கல்லூரி சீசன் முடிந்ததும் பவுல் மேட்ச் என்று நடத்துவார்கள். தொலைதூரத்திலிருந்து இரண்டு கல்லூரி அணிகளை அழைத்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத மைதானத்தில் மோதவிடுவார்கள். ஏதாவது ஒரு கம்பெனி அதற்குத் தன் பெயரை வைக்கும். அந்த வருடம் எங்கள் ஸ்டேடியத்தில் நடந்ததற்கு ஒரு மெத்தைக் கம்பெனி பெயர் வைத்தது. கோப்பை தங்க முலாம் பூசிய தலையணை. ஜெயிக்கிற கோச் தலையில் ஒரு மூட்டை இறகைக் கொட்டுவார்கள். பார்வையாளர்களுக்குத் தூங்கும்போது போடுகிற குல்லாய் இலவசம். சங்கிலிக் குழுவுக்கு நீலக் கோடு போட்ட பைஜாமா.

யார் கண்ணிலும் படக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதருக்குப் பைஜாமாவைக் கொடுத்தார்கள். வால்டர் அதை வாங்கிப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதுதான் அவருக்குக் கடைசி மேட்ச். முடிந்ததும் அடுத்த தலைவர் யார் என்று அவரே முடிவு செய்வார், முடிவு என்றால் கிளிப்பைக் கழற்றி அந்த ஆள் கையில் கொடுப்பார். போட்டியில் இருந்தது இரண்டு பேர்: பின்கம்பு பிடிக்கிற தபால்காரர் ஹெக்டர், அப்புறம் நான். எனக்கு அந்தக் கிளிப் வேண்டும் என்று இருந்தது. ஆபீஸில் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் மேனேஜர், டைரக்டர் என்று போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த பையன்கள் எனக்கு லீவு சாங்ஷன் செய்தார்கள். வந்த ஊரில் எதையாவது கையில் கொடுத்து, இது உன் பொறுப்பு என்று ஒருவர் சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கு ஏக்கம். ஒரு இரும்புத் துண்டுக்கா என்று மல்லிகா கேட்டாள். ஆமாம், அதற்குத்தான்.

மேட்ச் மத்தியானம் தொடங்கியது. ஊதா அணிக்கும் மஞ்சள் அணிக்கும். பவுல் மேட்சுகளில் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டிருப்பார்கள், அல்லது காலை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று விலகிவிடுவார்கள். அன்றைக்கு விலகியவர்கள் எல்லாரும் தடுப்பாட்டக்காரர்களாக அமைந்துவிட்டார்கள். பந்தை எடுத்தவன் எல்லாம் ஓடினான், ஓடியவனை எல்லாரும் மரியாதையாக வழிவிட்டு அனுப்பினார்கள். நாங்கள் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு பைஜாமாவில் மேலும் கீழும் ஓடிய ஓட்டத்தில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஊதா அணியின் பெஞ்ச் எங்கள் பக்கம். ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே ஒரு ஊதாக்காரன் கையிலிருந்து பந்து நழுவி, கோட்டைத் தாண்டி உருண்டு வந்து என் வலது ஷூவில் மோதி நின்றது. நான் யோசிக்கவே இல்லை. இடது கையில் கம்பு, வலது கையால் பந்தைத் தொட்டேன், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். ஒருவர் பிழைப்புக்காகப் பிடிக்கிற பொருள்மேல் நம் கால் பட்டுவிட்டது, வேறு என்ன செய்வது? நடுவர் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பந்தில் ஊதா அணி பாதி மைதானத்தைத் தாண்டி டச்டவுன் அடித்தது, அதாவது எதிரணியின் கடைசிக் கோடு வரை பந்தைக் கொண்டுபோய் ஆறேழு புள்ளி எடுத்தது.

அப்படியே முடிந்திருந்தால் நல்லது. பத்து நிமிடத்தில் மஞ்சள் அணிக்காரன் ஒருவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள். அவன் வந்து என் காலடியில் விழுந்தான். என் ஷூ அவன் தோளில் பட்டது. தொட்டேன், ஒற்றிக்கொண்டேன். அவன் எழுந்து போய் அடுத்த பந்தில் டச்டவுன் அடித்தான்.

இரண்டையும் டீவியில் மெதுவாக ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஸ்டேடியத்தின் பெரிய திரையிலும் காட்டினார்கள். என் ஷூ, என் கை, பைஜாமாவின் நீலக் கோடு. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். கிழவர் ஆசீர்வாதம் செய்கிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் செய்தது மன்னிப்பு. அதைப் போய் மைதானத்தின் நடுவில் யாருக்கு விளக்குவது?

ஊதா அணியில் பேபி என்று ஒரு பையன் இருந்தான். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அளவு இருப்பான். அவன் வந்து தன் ஹெல்மெட்டை என் ஷூ பக்கத்தில் பூப்போல வைத்தான். நான் காலை நகர்த்தினேன். அவன் ஹெல்மெட்டை நகர்த்தினான். நான் இன்னும் தள்ளி நின்றேன். "ஒரே ஒரு தடவை, சார்" என்றான். தலையில் வைக்கிற பொருளை வேண்டுமென்றே காலால் தொடுவதா? முடியாது தம்பி என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனதில் அவன் அங்கேயும் ஹெல்மெட்டை வைத்திருந்தான், மிதித்துவிட்டேன். அப்புறம் தொட்டு ஒற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி இறக்கினான். அடுத்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை, ஸ்கோர் போர்டு ஏறியது.

எதிர்ப்பக்கம் இருந்த மஞ்சள் அணி சும்மா இருக்குமா? அவர்கள் பந்தோடு ஓடும்போதெல்லாம் எங்கள் பக்கமாகவே ஓடி வந்து, தேவையில்லாமல் கோட்டைத் தாண்டி, என் காலை உரசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நான் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றுகூடப் பார்த்தேன். நிற்கிற காலில் வந்து உரசினார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து.

இடைவேளையில் உள்ளே போய் போனைப் பார்த்தேன். மில்பிடாஸில் வேலை பார்க்கிற காவ்யா, "அப்பா, யூ ஆர் ட்ரெண்டிங். ப்ளீஸ் டோன்ட் கிக் எனிபடி எல்ஸ்" என்று அனுப்பியிருந்தாள். மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பையனோட தொப்பிய வேணும்னே மிதிச்சீங்களா?" என்றாள். "ரவுண்ட் ராக்லருந்து எங்கண்ணன் போன் பண்ணிக் கேக்கறாரு. நா என்னன்னு சொல்றது?"

தற்செயலாகப் பட்டுவிட்டது என்றேன். எல்லாம் தற்செயலா என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் வால்டர் வந்து எதிரில் நின்றார். பல்குச்சி அவர் கையில் இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

இது என்ன, உங்கள் ஊர்ச் சாமியா என்று கேட்டார். சாமி இல்லை, கால் பட்டால் மன்னிப்புக் கேட்பது, சின்ன வயதிலிருந்து வருகிறது, நிறுத்தச் சொன்னால் தும்மலை நிறுத்தச் சொல்கிற மாதிரி என்றேன். அவர் புகாருக்கு வந்தார். இரண்டு கோச்சுகளும் புகார் சொல்லியிருக்கிறார்களாம்: ஊதாவின் கோச், மஞ்சளுக்கு ஆசீர்வாதம் அதிகம் போகிறது என்று, மஞ்சளின் கோச், ஊதாவுக்கு அதிகம் போகிறது என்று. நாம் யார் பக்கமும் இல்லை, உன் காலை உன்னிடமே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பல்குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். ஹெக்டர் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார். கிளிப் கை நழுவிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது, பைஜாமாவில் அழுதால் இன்னும் கேவலம் என்று அடக்கிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கலாமோ அவ்வளவு தள்ளி நின்றேன். என் கால் யார் மீதும் படவில்லை. ஸ்கோர் அதே வேகத்தில் ஏறியது. ஆசீர்வாதமும் இல்லை, மண்ணும் இல்லை, தடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதை யார் ஒப்புக்கொண்டார்கள்? ஊதாக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பேபி என்னோடு பேசவே இல்லை.

கடைசி இரண்டு நிமிடம். மஞ்சள் அறுபத்து மூன்று, ஊதா ஐம்பத்தொன்பது. பந்து ஊதாவிடம். நான்காவது வாய்ப்பில் அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற பையன், எறிய வழியில்லாமல் தானே ஓடி, குவியலுக்கு அடியில் போனான். குவியலைப் பிரித்துப் பார்த்தால் பந்து பத்து கஜத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆயிற்றா இல்லையா தெரியவில்லை. சங்கிலியைக் கொண்டுவரச் சொல்லி நடுவர் கை காட்டினார்.

அவ்வளவு ஸ்கோர் அடித்த மேட்சில் அப்போதுதான் முதல் தடவையாக அளக்கக் கூப்பிட்டார்கள். வால்டர் கிளிப்பை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் ஹெக்டரும் கம்புகளோடு பின்னால். குல்லாய் போட்ட கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. வால்டர் மண்டியிட்டு, கோட்டைப் பார்த்தார், கிளிப்பை வைத்தார், மறுபடி பார்த்தார், எண்ணைச் சொல்லிக்கொண்டார். ஹெக்டர் பின்கம்பை ஊன்றினார். இழு என்று வால்டர் தலையசைத்தார். நான் சங்கிலியை இறுக்கிக்கொண்டே பின்பக்கமாக ஒரு அடி வைத்தேன்.

ஷூவுக்கு அடியில் மெத்தென்று ஏதோ பட்டது. பார்த்தால் குவார்ட்டர்பேக்கின் கை. பந்தைத் தரைமட்டத்திலிருந்து பார்ப்பதற்காகக் கவிழ்ந்து படுத்திருந்தான். அவன் வலது கைமேல் என் வலது ஷூ. அவன் எறிகிற கை. சட்டென்று காலை எடுத்துவிட்டேன்.

என் கை தானாகக் கம்பை விட்டு இறங்கப் பார்த்தது. இறங்கினால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் கம்பு சாயும். ஒரு மனுஷன் கையை மிதித்துவிட்டு மரம் மாதிரி நிற்கிறேன். ஊதாக்காரர்கள் எல்லாரும் என் கையையே பார்க்கிறார்கள், செய் செய் என்று. மஞ்சள்காரர்கள் செய்யாதே என்று கத்துகிறார்கள். எங்கள் அப்பா மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? இரண்டு கையாலும் கம்பை நட்டுவைத்த மாதிரி பிடித்துக்கொண்டேன்.

நடுவர் குனிந்து பார்த்தார். பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். பத்து கஜம் ஆகவில்லை. பந்து மஞ்சளுக்கு என்று கை காட்டினார். மஞ்சள் பக்கம் குதித்தது. கம்பை எடுக்கலாம் என்று நடுவர் எனக்குச் சொன்னார்.

அதன் பிறகுதான் நான் குனிந்தேன். அந்தப் பையனின் கையைத் தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவன் எழுந்திருக்காமலே என்னைப் பார்த்தான்.

"இப்போ எதுக்கு? எல்லாம் முடிஞ்சு போச்சே" என்றான்.

"அதிர்ஷ்டத்துக்கு இல்லப்பா. உன் கையை மிதிச்சிட்டேன். மன்னிச்சுக்கோ."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா கம்பு சாஞ்சிருக்கும்."

அவன் புரண்டு மல்லாந்தான். அப்போ இன்னைக்குப் பூராவும் எல்லார்கிட்டயும் ஸாரிதான் சொல்லிட்டிருந்தீங்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். தோற்றுப்போய்த் தரையில் கிடந்த பையன், விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கையை உதறிக்கொண்டு, பரவாயில்லை சார், வலிக்கவில்லை என்றான். எனக்கு மத்தியானத்திலிருந்து இருந்த பாரம் இறங்கியது.

இனி மஞ்சள் அணி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவில் படுத்தாலே போதும், நேரம் ஓடிவிடும். அவர்களுடைய கோச்சும் அப்படித்தான் கத்தினார். ஆனால் பந்தை வாங்கிய பையன் நடுவில் ஒரு எட்டு வைத்துவிட்டு, எங்கள் பக்கம் பார்த்தான். என் ஷூவைப் பார்த்தான். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பான். நேராக என்னை நோக்கி ஓடி வந்தான். நான் இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவன் எட்டி என் ஷூவைத் தொடுவதற்காக ஒரு கையை நீட்டினான். கோட்டுக்கு உள்ளேயே பேபி வந்து அவன்மேல் மோதினான். ஒரு கையில் இருந்த பந்து எகிறி விழுந்தது. ஊதா அணி அதன்மேல் படுத்துக்கொண்டது.

அடுத்த பந்தில் அந்தக் குவார்ட்டர்பேக், நான் மிதித்த கையால், எறிந்தான் பாருங்கள் ஒரு எறி. ஊதா அறுபத்தாறு, மஞ்சள் அறுபத்து மூன்று. ஊதாவின் கோச் தலையில் இறகைக் கொட்டினார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்ததில் பாதி எங்கள்மேல் விழுந்தது.

மஞ்சளின் கோச் நடுவரைக் கூட்டிக்கொண்டு வால்டரிடம் வந்தார். என்னைக் கைநீட்டிக் காட்டி என்னென்னவோ சொன்னார், அதை எழுத முடியாது. வால்டர் முழுதும் கேட்டுவிட்டு, என் ஆள் காலை இழுத்துக்கொண்டான், நான் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார். நடுவரும் பார்த்திருந்தார். கோச் போய்விட்டார்.

உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் வால்டர் என்னை நிறுத்தினார். அவர் புருவத்தில் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து பல்குச்சியை எடுத்தார். சரி, இனி ஸ்டேடியம் பக்கம் வராதே என்று சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தப் பையன் கையை மிதிச்சப்போ நான் கம்பைத்தான் பார்த்துட்டிருந்தேன்" என்றார். "அசையலை."

ஆனால் ஊரே என்னைப் பார்த்துவிட்டதே, ஒருத்தருக்கும் முகம் ஞாபகம் இருக்கக் கூடாது என்று சொல்வீர்களே என்றேன்.

"டீவில காட்டினது உன் ஷூவை. மூஞ்சியை எவன் பார்த்தான்?"

சங்கிலியிலிருந்து கிளிப்பைக் கழற்றி, பைஜாமாவில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். துடைத்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஹெக்டர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். நான் கார் பார்க்கிங் வரைக்கும் அதை மூடிய கையிலேயே வைத்திருந்தேன், பாக்கெட்டில் போட மனம் வரவில்லை.

நான் தலைவராக இருந்த வருடங்களில் ஹெக்டர்தான் முதலில் ஆரம்பித்தார். என்னைக் கிண்டல் செய்வதற்காக, கம்பு காலில் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வார். கிண்டல் பழக்கமாகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் அவரைப் பார்த்துச் செய்தார்கள். நான் தடுக்கவில்லை, ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. பிறகு அளப்பதற்கு கேமரா வந்துவிட்டது. பந்து எங்கே இருக்கிறது என்பதை அது கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடுகிறது. கேமராவுக்குக் காலும் இல்லை, யாரையும் மிதிக்கவும் மிதிக்காது. சங்கிலி இன்னும் கோட்டோரம் நிற்கிறது, ஆனால் கேமரா பழுதானால் தவிர உள்ளே கூப்பிடுவதில்லை. நான் கிளிப்பை ஹெக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்தான் இப்போது டெனிஸுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் டெனிஸிடம் சுருக்கமாகச் சொல்லி, அதனால் அது நடைமுறை எல்லாம் ஒன்றும் இல்லை, நீங்கள் செய்யத் தேவையில்லை என்று முடிக்கப் போனேன். அவர் விடவில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை ஒரு பையன் வந்து அவர் காலடியில் விழுந்தானாம். அவர் ஷூ அவன் முழங்கையில் பட்டதாம். ஹெக்டர் சொன்னபடியே தொட்டு ஒற்றிக்கொண்டாராம். எழுந்து ஓடப்போன பையன் நின்று, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே மேடம் என்று கேட்டுவிட்டு ஓடினானாம். அத்தனை மேட்சில் ஒரு ஆட்டக்காரன் தன்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்றார்.

மல்லிகா கீரையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது கை" என்றேன். "ஒரு தடவை போதும். கம்பை இடது கையில பிடிச்சுக்குங்க. அளக்கக் கூப்பிட்டா மட்டும், அளந்து முடியற வரைக்கும் குனியாதீங்க."